பதினொரு அவுன்ஸ்

மார்லிஸ் ஹாம் சாண்ட்விச் தட்டை நீட்டினாள். அவளுடைய கொழுந்தன் டெல்மர் ஒன்றை வாயிலும் ஒன்றைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு, "பிரிட்டா கிளம்பிட்டா, பாத்தியா?" என்றான்.

"எங்க கிளம்பிட்டா?" என்றாள் மார்லிஸ். பிரிட்டா அவள் மகள்.

"அண்ணன் மரத்துக்கு. வேற எங்க? நாந்தான் போறதா இருந்தேன். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு பதினெட்டு அடி ஏறினா, அப்புறம் எனக்கும் சேர்த்து நீங்க சாண்ட்விச் போடணும். நான் போறேன் சித்தப்பான்னா. சரி போன்னுட்டேன்."

தட்டு சாய்ந்து இரண்டு சாண்ட்விச் தரையில் விழுந்தன. யூனிஸ் எங்கிருந்தோ ஓடிவந்து பொறுக்கினாள். சர்ச் சமையலறைக்கு அவள்தான் தலைவி. காலையிலிருந்து மூன்று தடவை மார்லிஸிடம், புருஷனைப் புதைத்த அன்றைக்கே பரிமாற வேண்டாம், உட்கார் என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். கோர்டிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, தூங்குகிற மாதிரி போய்விட்டார் என்பார்கள். அதைக் கேட்க முடியாமல்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

இந்தப் பக்கத்து ஜனங்கள் அழுவதை விட ஹாட்டிஷ் செய்வதில் கெட்டிக்காரர்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் நீள மேசைகளில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஏழு வகை ஆறிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் வேட்டைப் பேச்சில் இருந்தார்கள். நவம்பர் முதல் வாரம், கிடா மான்கள் பெட்டையைத் தேடி அலைகிற நேரம். நல்ல ஆள், நல்ல சீசனில் போய்ச் சேர்ந்தார் என்று ஒருவர் சொன்னதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள்.

கோர்டியின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வில்வேட்டைக் காலத்தில் யாராவது செத்தால், புதைத்த அன்று சாயங்காலம் வீட்டு ஆள் ஒருவர், செத்தவர் மானுக்குக் காத்திருக்கும் மரத்தில் ஏறி, இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். அம்பு விட்டே ஆகவேண்டும் என்று இல்லை. அன்றைக்கு மரம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கோர்டியின் அப்பா போனபோது கோர்டி போனார். மார்லிஸுக்கு இது தெரியாததல்ல. இந்தத் தடவை டெல்மர்தான் போவான், அவனுக்கு முட்டி சரியில்லை, ஆகவே யாரும் போகமாட்டார்கள் என்று தன்னைத் தானே சமாதானம் செய்து வைத்திருந்தாள்.

"எப்பப் போனா?"

"இப்பதான். பத்து நிமிஷம் இருக்கும். அவளோட சாமானெல்லாம் வண்டியிலயே வெச்சிருக்கா."

அவளோட சாமான். மார்லிஸின் வலது கை தானாகக் கறுப்புக் கோட்டின் பைக்குள் போய், அங்கே இருந்த கிளாம்ப்பைப் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை ஷெரிப் ஆபீஸிலிருந்து கோர்டியின் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடுப்பில் கட்டுகிற சேணம், ஏணித் துண்டுகள், கால் பலகை, மரத்தைச் சுற்றிக் கட்டி மறு நுனியைத் தொங்கவிடுகிற எட்டடிக் கயிறு. அந்தக் கயிற்றில் மேலும் கீழும் நகர்கிற பல் வைத்த கிளாம்ப் ஒன்று உண்டு. சேணத்தின் கொக்கி அந்தக் கிளாம்ப்பில்தான் மாட்டும். கிளாம்ப் கயிற்றைக் கடித்துப் பிடித்திருக்கும்வரை ஆள் பின்னால் சாய்ந்து, ஊஞ்சலில் இருக்கிற மாதிரி நாள் முழுக்க மரத்தில் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை கோர்டி மரத்தடியில் கிடந்தார். வசந்தத்தில்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆகவே எல்லோரும் இதயம் என்றார்கள். வலி வந்திருக்கும், இறங்கலாமென்று கொக்கியைக் கழற்றியிருப்பார், அதற்குள் முடிந்துவிட்டது. ஷெரிப் ஆபீஸ் ஆள் அப்படித்தான் சொன்னார். பாஸ்டர் இன்று காலை பிரசங்கத்திலும் அதையே சொன்னார்.

ஆனால் கோர்டி கொக்கியைக் கழற்றவே இல்லை. கராஜில் தனியாகப் பையைத் திறந்தபோது மார்லிஸ் பார்த்தாள். கொக்கி கிளாம்ப்பில் பூட்டியபடியே இருந்தது. கயிற்றின் கடைசி மூன்றடி மட்டும் மேல்நூல் சிராய்ந்து பஞ்சாகியிருந்தது. கிளாம்ப் கடிக்காமல் வழுக்கி, வழுக்கி, கயிற்றின் நுனி வழியாகவே வெளியே வந்திருக்கிறது. கயிறு மரத்திலேயே நின்றுவிட்டது. அவர் கீழே வந்துவிட்டார். கிளாம்ப்பை மட்டும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை அலமாரியின் பின்னால் தள்ளினாள். இரண்டு நாளாக ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கயிற்றைத் தேர்ந்தெடுத்தது அவள்.

இப்போது டெல்மர் மென்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன மார்லிஸ்? வெளுத்துப் போயிட்ட?"

சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் ஆறு பேர் இருந்தார்கள், பக்கத்து மேசையில் பாஸ்டர் இருந்தார். "மழை தூறுதே, குளிருமே அவளுக்கு," என்றாள். "கோட்டு ஒண்ணு கொடுத்துட்டு வந்துடறேன்." பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

காரிலிருந்து மகளுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தது. மரத்துக்குப் போகும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்பது அப்பன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. மறுபடியும் செய்தாள். ஐந்தாவது தடவைக்குள் கார் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது, அங்கே யார் போனும் எடுக்காது. கண்ணாடியில் மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. பனியும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஒரு மழை. செப்டம்பர், அக்டோபர் முழுக்கக் காய்ந்த கயிற்றில்தான் அப்பனும் மகளும் ஏறினார்கள். காய்ந்த கயிறு ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை காலைதான் முதல் உறைபனி.

ஆகஸ்டில் அவளும் கோர்டியும் சமையலறை மேசையில் வேட்டைச் சாமான் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்தவள், தராசில்லாமல் எதையும் நம்பமாட்டாள். மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எழுதிக்கொண்டே போனாள். மரம் இருக்கிற மேட்டுக்கு ஒரு மைல் ஏற்றம். இருபது பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். கோர்டியின் பழைய இரும்பு இருக்கையே முப்பது.

"ஏணித் துண்டு மூணு போதும், நாலு எதுக்கு?" என்றாள். அவர் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். "இது என்ன, இந்த ரெண்டாவது கயிறு?"

"அது ஏறும்போது இடுப்பைச் சுத்திப் போட்டுக்கறது. கரண்டு கம்பத்துல ஏறுறவங்க போடுவாங்களே, அது."

"பன்னண்டு அவுன்ஸ். இணையத்துல பாதிப் பேர் இத எடுத்துட்டே போறதில்லையாம்."

"அப்ப வேணாம்," என்றார் அவர் சந்தோஷமாக. ஒவ்வொரு அவுன்ஸ் குறைகிறபோதும் சின்னப் பையன் மாதிரி மேசையைத் தட்டினார்.

சேணத்தோடு வந்த கயிறு தடியாக இருந்தது, ஒரு பவுண்டு, அதாவது பதினாறு அவுன்ஸ். அவள் தேடிப் பிடித்து ஒரு ஸ்பூல் மெல்லிசுக் கயிறு வரவழைத்திருந்தாள். லாரியைக் கட்டி இழுத்தாலும் அறாதாம். எட்டடிக்கு ஐந்தே அவுன்ஸ். நுனியில் முடிச்சு போடுகிற ஒன்றரை அடியையும் வேண்டாமென்று வெட்டினார்கள்.

கோர்டி கிளாம்ப்பை மெல்லிசுக் கயிற்றில் மாட்டி இழுத்துப் பார்த்தார். "இது கடிக்குமா? இந்தக் கயித்துக்குக் கிளாம்ப் கொஞ்சம் பெரிசா இருக்கோ?"

அவள் கிளாம்ப்போடு வந்த தாளை எடுத்தாள். வீட்டில் தாள் படிக்கிறவள் அவள்தான். பத்து மில்லிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் போடக்கூடாது என்று அதில் இருந்தது. மெல்லிசுக் கயிறு எட்டு.

"வக்கீலுக்குப் பயந்து எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் எழுதுவான்," என்றாள். "ஹேர் டிரையர வாங்கினா குளிக்கும்போது போடாதேன்னு எழுதியிருக்கான். புடிக்குதில்ல? அப்ப புடிக்கும்."

பதினொரு அவுன்ஸ் குறைந்தது. சில நாள் கழித்து அதே மாதிரி இன்னொரு செட் மகளுக்கு வாங்கி, அதே ஸ்பூலிலிருந்து கோர்டி வெட்டிக் கொடுத்தார்.

பிரிட்டாவின் வண்டி மரம் வெட்டுகிறவர்களின் மண் பாதையில் நின்றிருந்தது. மார்லிஸ் பக்கத்தில் காரை விட்டுவிட்டு சர்ச் செருப்போடு மேட்டில் ஏறினாள். பத்தடிக்கு ஒரு தடவை வழுக்கியது. இரண்டு தடவை விழுந்தாள். ஓடினால் மூச்சு வாங்குகிறது, நடந்தால் நேரம் போகிறது. மரத்தில் ஏறுவதற்கு அரைமணி ஆகும், துண்டு துண்டாகக் கட்டி ஏறவேண்டும், இன்னும் ஏறியிருக்கமாட்டாள் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள். பாதி மேட்டில், கடவுளே, அவளைக் காப்பாற்று, அப்படியே யாருக்கும் இது தெரியாமலும் பார்த்துக்கொள் என்று கேட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதற்கு அங்கேயே வெட்கப்பட்டாள்.

ஓக் மரம் தெரிந்தது. பிரிட்டா மேலே இருந்தாள்.

கால் பலகையில் நின்று, முழு உடம்பையும் சேணத்தில் விட்டுப் பின்னால் சாய்ந்திருந்தாள். வில் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"அம்மா! இங்க என்ன பண்ற?" என்றாள், குரலை ஏற்றாமல். மரத்தில் இருக்கிறவர்கள் கத்தமாட்டார்கள். "காத்து உன் பக்கமிருந்துதான் அடிக்குது. உன் வாசனைக்கு ஒரு மான் கூட வராது இனிமே."

ஊரையே கூட்டிக் கத்தவேண்டிய விஷயம். ஆனால் முப்பத்தைந்து வருஷம் வேட்டைக்காரனோடு வாழ்ந்த பழக்கம், மார்லிஸும் கிசுகிசுத்தாள். "மரத்தக் கட்டிப் புடி."

"என்னது?"

"சாயாத. முன்னால வந்து, ரெண்டு கையாலயும் மரத்தக் கட்டிப் புடிச்சுக்கோ. மெதுவா."

"உனக்கு ஒடம்பு சரியில்லையா? சித்தப்பா கூட வந்திருக்காரா?"

"பிரிட்டா. சொல்றதக் கேளு."

மகள் சலிப்போடு உடம்பை அசைத்தாள். மேலே ஏதோ கிரீச்சென்றது. அவள் உடம்பு அரை அடி கீழே சறுக்கி நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. பிரிட்டா கயிற்றைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வழுக்குது. மழையினால."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மார்லிஸ் கோட்டுப் பையிலிருந்து கிளாம்ப்பை எடுத்து, தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். "அப்பாவோடது. கொக்கிய அவர் கழட்டவேயில்ல. நுனி வழியா உருவிக்கிட்டு வந்திருக்கு."

இனி அவள் பதறினால் கை நழுவும். சொல்லாவிட்டால் நம்பமாட்டாள். சொல்லியாகிவிட்டது. பிரிட்டா மிக மெதுவாக முன்னால் வந்து, மரத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைப் பட்டையில் வைத்து அழுத்தினாள்.

"கிளாம்ப்புக்குக் கீழ கயிறு எவ்வளவு இருக்கு?"

"ஒரு சாண். கொஞ்சம் கூட இருக்கும்."

"அதுல முடிச்சு போடு. ரெண்டு சுத்து சுத்தி, பெரிசா."

"ஒத்தக் கையாலயா?"

"ஒத்தக் கையாலதான். மத்த கைய மரத்துலேருந்து எடுக்காத. பல்லால இழு."

அவள் கையுறையைக் கடித்துக் கழற்றித் துப்பினாள். அது மார்லிஸின் காலடியில் வந்து விழுந்தது. முதல் தடவை நுனி வழுக்கிப் போயிற்று. விரலை வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டாள். இரண்டாவது தடவையும் போயிற்று. கீழேயிருந்து பார்க்கும்போது அவளுடைய பூட்ஸ் அடிப்பாகமும் முழங்காலும்தான் தெரிந்தது. விழுந்தால் பிடிப்பதற்கென்று மார்லிஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேர் கீழே போய் நின்றாள். பிடிக்க முடியாது என்பது தெரியாமல் இல்லை. விழுந்தால் தன் மேலேயே விழட்டும் என்று நினைத்தாள்.

"போட்டுட்டேன்," என்றாள் பிரிட்டா.

"இறுக்கினியா?"

"இறுக்கிட்டேன்."

வில்லையும் பலகையையும் அப்படியே விட்டாள். கயிற்று வளையத்தை மரத்தோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்திக்கொண்டு, ஏணித் துண்டுகளில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். வழியில் இன்னொரு தடவை கிரீச் சத்தம் கேட்டது. கிளாம்ப் முடிச்சில் வந்து இடித்து நின்றது. தரையில் கால் பட்டதும் ஈர இலைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மார்லிஸ் தொடப்போனாள்.

"தொடாத," என்றாள். பிறகு, "சொல்லு," என்றாள்.

மார்லிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். தராசு, தாள், பத்து மில்லிமீட்டர், வக்கீல். எதையும் மழுப்பவில்லை.

"அப்பா கேட்டாரா? இது கடிக்குமான்னு?"

"கேட்டார்."

"நீ கடிக்கும்னு சொன்ன."

"ஆமா."

கீழே சோளக் காட்டில் காக்கைகள் சத்தம் போட்டன. பிரிட்டா சேணத்திலிருந்து கயிற்றைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று சுற்றுவதை நிறுத்தினாள்.

"எனக்கு வெட்டிக் குடுத்த அன்னிக்கு ஸ்பூல்ல பாதி கூட இல்ல."

"என்ன?"

"அவ்ளோ கயிறு எங்க போச்சும்மா? யாருக்கெல்லாம் குடுத்தார்?"

மார்லிஸுக்கு முதலில் விளங்கவில்லை. கோர்டி முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டியவர். வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டு வேட்டைக்காரனையும் தெரியும். யாராவது எடை கனக்கிறது என்றால் போதும், வண்டி சீட்டில் வைத்திருக்கும் ஸ்பூலிலிருந்து எட்டடி வெட்டிக் கொடுத்திருப்பார். என் பெண்டாட்டி கண்டுபிடிச்சது என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். இரண்டு நாளாக அவள் பயந்ததெல்லாம் தன்னைப் பற்றி. இந்த மழை இரவு முழுக்கப் பெய்யும், நாளை ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்னால் எல்லோரும் மரத்தில் இருப்பார்கள்.

"சாவியக் குடு," என்றாள் பிரிட்டா. "உன் கார நான் ஓட்டறேன்."

சர்ச் வாசலில் பிரிட்டா வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"சித்தப்பாகிட்ட மட்டும் முதல்ல..."

"அம்மா."

கீழ்த்தளத்தில் இரண்டாவது காபி ஓடிக்கொண்டிருந்தது. ஹாட்டிஷ் தட்டுகளை எடுத்துவிட்டு யூனிஸ் இனிப்புகளை வைத்திருந்தாள். சேறும் இலையுமாக மார்லிஸ் படியிறங்கி வந்ததைப் பார்த்துப் பேச்சு அடங்கியது. டெல்மர் மட்டும், மரத்திலிருந்து வருகிற எல்லோரிடமும் கேட்பதை வழக்கம்போலக் கேட்டான். "என்ன பிரிட்டா, ஏதாவது பாத்தியா?" அவள் கயிற்றை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

மார்லிஸ் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"இந்தக் கயித்த," என்றாள், "கோர்டி யாருக்கெல்லாம் குடுத்தார்?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள், அன்பான சிரிப்பு. விதவை புருஷனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நாற்காலிகள் அவள் பக்கம் திரும்பின. ஒரு பால்பண்ணைக்காரர் கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் அவர் மகன் தூக்கினான். பாஸ்டர் கொஞ்சம் கூச்சத்தோடு தூக்கினார். அங்கங்கே இன்னும் சில கைகள் எழுந்தன. கடைசி மேசையில் ஒருவர் தன் கையைத் தூக்கியதோடு, பன்னிரண்டு வயது மகளின் கையையும் பிடித்துத் தூக்கினார். டெல்மர் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு குடுத்தார்," என்று இரண்டு கையையும் தூக்கியபோது எல்லோரும் சிரித்தார்கள்.

மார்லிஸ் எண்ணினாள். பதின்மூன்று கைகள். ஒருவரும் இறக்கவில்லை. அவள் மேலே சொல்லட்டும் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள்.